காரில் மெசேஜ் வாசிப்பதும் குரலில் பதில் அனுப்புவதும்: வாட்ஸ்அப் வரவில்லை, தமிழ் புரியவில்லை, எங்கே கோளாறு?

பாலாற்றங்கரை கேட்டது:

வண்டி 2023 மாடல் காம்பாக்ட் எஸ்யூவி. கம்பெனியே பொருத்திய திரை. போனை வண்டித் திரையில் காட்டும் ஆண்ட்ராய்டு ஆட்டோ, ஐபோனுக்கான கார்ப்ளே இரண்டும் வயர் இல்லாமலே ஓடும். என் போன் ஆண்ட்ராய்டு 14. மனைவியிடம் ஐபோன், ஐஓஎஸ் 17. யார் ஓட்டுகிறோமோ அவர் போன் இணையும்.

தேவை பெரிதாக ஒன்றுமில்லை. வரும் மெசேஜை வண்டி படித்துச் சொல்ல வேண்டும், அவசரமானதற்கு வாயாலேயே பதில் அனுப்ப வேண்டும். இப்போதைய நிலைமை:

1) எஸ்எம்எஸ் வந்தால் திரையில் காட்டுகிறது, தொட்டால் படிக்கிறது. வாட்ஸ்அப் வந்தால் போனில் சத்தம் கேட்கிறது, திரையில் ஒன்றுமே வருவதில்லை.

2) ஐபோன் இணைந்திருந்தால் எதையுமே வாசிப்பதில்லை, எஸ்எம்எஸ் உட்பட.

3) தமிழ் எழுத்தில் வரும் மெசேஜும் சரி, ஆங்கில எழுத்தில் அடித்த தமிழும் சரி, காதால் கேட்க முடியவில்லை.

4) நிற்கும்போது நான் சொல்வதை ஒழுங்காகப் பிடிக்கிறது. பைபாஸில் 80ஐத் தாண்டினால் கண்டபடி எழுதுகிறது.

5) கயல்விழிக்கு அனுப்பச் சொன்னால் 'யாருக்கு?' என்று திரும்பத் திரும்பக் கேட்கிறது.

ஸ்டீயரிங்கில் உள்ள குரல் பட்டனை அழுத்தினால் சில நேரம் வண்டியின் சொந்த உதவியாளர் பேசுகிறது, சில நேரம் கூகுள் பேசுகிறது. இது ஏன்? சட்டப்படி இதெல்லாம் தமிழ்நாட்டில் சரிதானா என்றும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

ப்ளூடூத்_பித்தன் பதில்:

மெசேஜ் எந்த வழியாக வண்டிக்குள் வருகிறது என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். பாதிக் குழப்பம் அதிலேயே தீரும்.

பழைய வழி ப்ளூடூத். இதில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு புரொஃபைல்: பேச எச்எஃப்பி, பாட்டுக்கு ஏ2டிபி, தொடர்புப் பட்டியலுக்கு பிபிஏபி, மெசேஜுக்கு எம்ஏபி. எம்ஏபி வழியாக வாட்ஸ்அப்பை எதிர்பார்க்காதீர்கள், அது எஸ்எம்எஸ்ஸுக்கான பாதை. 2007இல் ஃபோர்டு 'சிங்க்' வந்த காலத்தில், வந்த எஸ்எம்எஸ்ஸை வண்டி படிக்கும், பதில் என்றால் முன்பே எழுதி வைத்த வாக்கியங்களில் ஒன்றைப் பொறுக்க வேண்டும். ப்ளூடூத் மட்டும் உள்ள பல வண்டிகளில் இன்றைக்கும் அந்த அளவுதான். நம் ஊரில் எஸ்எம்எஸ் என்றாலே ஓடிபி, பேங்க் கணக்கு, ரீசார்ஜ் விளம்பரம். வண்டி நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு ஓடிபியைச் சத்தமாகப் படிக்கும் வசதியால் யாருக்கு என்ன லாபம் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

புதிய வழி, 2014இல் வந்த கார்ப்ளேயும் 2015இல் வந்த ஆண்ட்ராய்டு ஆட்டோவும். இங்கே வண்டி கொடுப்பது திரை, ஸ்பீக்கர், மைக், பட்டன், அவ்வளவுதான். மூளை முழுக்கப் போனில் இருக்கிறது. அதனால் வாட்ஸ்அப் வரவில்லை என்று சர்வீஸ் சென்டருக்குப் போனால் அவர்கள் சிஸ்டத்தை ரீசெட் செய்து அனுப்புவார்கள், பயன் இருக்காது. போனில் தேடுங்கள்.

உங்கள் முதல் சிக்கலுக்கு வருவோம். ஆண்ட்ராய்டு ஆட்டோ வாட்ஸ்அப்பைத் திறந்து பார்ப்பதில்லை. போனில் வரும் நோட்டிபிகேஷனை எடுத்துக்கொள்கிறது. அந்த நோட்டிபிகேஷனுக்குள் அனுப்பியவர் பெயர், மெசேஜின் உள்ளடக்கம், பதில் எழுதும் இடம், 'படித்தாயிற்று' என்று குறிக்கும் இடம் இத்தனையும் இருக்க வேண்டும். உள்ளடக்கம் மறைக்கப்பட்டு 'புதிய மெசேஜ்' என்று மட்டும் வந்தால் வாசிக்க அங்கே ஒன்றுமில்லை. எஸ்எம்எஸ் ஒழுங்காக வருகிறது, வாட்ஸ்அப் மட்டும் வரவில்லை என்கிறீர்கள். அப்படியானால் நான் முதலில் சந்தேகப்படுவது ஆப் லாக்கை. இந்த வரிசையில் பாருங்கள்:

வாட்ஸ்அப் > செட்டிங்ஸ் > பிரைவசி > ஆப் லாக். கைரேகைப் பூட்டு போட்டிருந்தால் அதற்குக் கீழே 'ஷோ கன்டென்ட் இன் நோட்டிபிகேஷன்ஸ்' என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அதை ஆன் செய்யுங்கள். பூட்டை எடுக்க வேண்டியதில்லை.

குறிப்பிட்ட ஒருவரின் மெசேஜ் மட்டும் வரவில்லை என்றால் அந்த உரையாடல் 'சாட் லாக்'கில் இருக்கிறதா பாருங்கள். பூட்டிய சாட்டின் பெயரும் உள்ளடக்கமும் நோட்டிபிகேஷனில் வராது.

அதுவும் இல்லையென்றால் பேட்டரி. செட்டிங்ஸ் > ஆப்ஸ் > வாட்ஸ்அப் > பேட்டரி > 'அன்ரிஸ்ட்ரிக்டட்'. ஆண்ட்ராய்டு ஆட்டோவுக்கும், கூகுள் ஆப்புக்கும் இதையே செய்யுங்கள். சீன பிராண்டு போன்களில் 'ஆட்டோ ஸ்டார்ட்' என்று தனி அனுமதி உண்டு, அதையும் கொடுக்க வேண்டும். திரை அணைந்து கொஞ்ச நேரம் ஆனதும் மெசேஜ் நின்றுபோகிறது, போனைக் கையில் எடுத்துத் திறந்தால் ஒரே மூச்சில் பத்து மெசேஜ் கொட்டுகிறது என்றால் காரணம் இதுதான்.

நோட்டிபிகேஷன் அனுமதி: செட்டிங்ஸ் > ஆப்ஸ் > ஸ்பெஷல் ஆப் ஆக்சஸ் > நோட்டிபிகேஷன் ஆக்சஸ். அங்கே கூகுளும் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் ஆன் ஆக இருக்க வேண்டும்.

கடைசியாக ஆண்ட்ராய்டு ஆட்டோவின் செட்டிங்ஸுக்குள் மெசேஜ் நோட்டிபிகேஷன் சுவிட்ச். இதை யாரும் அணைப்பதில்லை. ஆனாலும் ஒரு பார்வை பாருங்கள். போனில் 'டூ நாட் டிஸ்டர்ப்' ஓட்டும்போது தானாக ஆன் ஆகும்படி எப்போதோ வைத்திருந்தாலும் இதே கதி.

இரண்டு வாட்ஸ்அப் வைத்திருப்பவர்கள் கவனிக்க: போனின் 'டூயல் ஆப்ஸ்' வசதியில் எடுத்த நகல் வேறொரு பயனர் கணக்கில் ஓடுகிறது. அதன் மெசேஜ் வண்டித் திரைக்கு வராது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்புக்குள்ளேயே இரண்டாவது கணக்கைச் சேர்ப்பது நல்லது.

பட்டன் விஷயம். பல வண்டிகளில் லேசாகத் தட்டினால் ஒன்று, ஒரு விநாடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால் மற்றொன்று. எது எதற்கு என்பது வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டில் 'வாய்ஸ் ரெகக்னிஷன்' பக்கத்தில் இருக்கும். இன்னொன்று: வண்டியை எடுத்ததும் வயர்லெஸ் இணைப்பு ஏறக் கொஞ்ச நேரம் ஆகும். அதற்குள் அழுத்தினால் பேசுவது வண்டியின் சொந்த உதவியாளர். சன்ரூஃப் திற, ஏசியைக் குறை என்பதற்கு அது போதும். மெசேஜுக்கு அதனிடம் போகாதீர்கள்.

---

ஆடியோ_கடை_அன்பு பதில்:

நாலாவது பிரச்சினை மைக்குங்க. சாஃப்ட்வேர்ல தேடாதீங்க.

கம்பெனி மைக் பெரும்பாலும் முன்பக்க ரூஃப் லைட் பக்கத்துல, சின்னச் சின்ன பிளவா இருக்கிற இடத்துல இருக்கும். அதுக்கு மேலேயோ ஒட்டியோ ஸ்டிக்கர், கூலிங் கிளாஸ் கிளிப், கண்ணாடியில தொங்கவிட்ட மாலை ஏதாவது உரசுதான்னு முதல்ல பாருங்க. சன் வைசரைக் கீழே இறக்கி வெச்சா சில வண்டியில மைக்கை மறைச்சிடும்.

அடுத்தது ஏசி. காத்து போற திசை முக்கியம். முன் கண்ணாடிக்கு அடிக்கிற டிஃப்ராஸ்ட்ல வெச்சிருந்தா காத்து கண்ணாடியில ஏறி நேரா மைக் மேலேயே போய் மோதும். மழையில ஓட்டும்போது 'வண்டிக்குக் காது கேக்கல'ன்னு வர்றதுல பாதி இதுதான். காத்தை முகத்துக்கோ காலுக்கோ திருப்பிட்டு பிளோயரை ரெண்டுல வெச்சுப் பேசிப் பாருங்க. நடு வென்ட்டோட இதழை மேல் நோக்கித் தூக்கி வெச்சிருந்தாலும் கொஞ்சம் இறக்குங்க.

சோதனை இப்படிப் பண்ணுங்க. வண்டியை நிறுத்தி, இன்ஜின் ஆஃப், ஏசி ஆஃப், கண்ணாடி மூடி, ஒரே வாக்கியத்தைச் சொல்லுங்க. அப்புறம் பிளோயர் 1, 2, 3, 4ன்னு ஏத்திக்கிட்டே அதே வாக்கியம். எந்த எண்ணுல எழுத்து கெட ஆரம்பிக்குதோ அதுக்குக் கீழேதான் இனி நீங்க பேசணும். நாலு வரைக்கும் நல்லா இருந்து, ஓடும்போது மட்டும் கெட்டா அது டயர் சத்தமோ காத்துச் சத்தமோ. பின் கண்ணாடி ஒரு விரல் இறங்கியிருந்தாக்கூட 80ல இரைச்சல் பெருசா வரும். டோர் ரப்பர் பீடிங் எங்கேயாவது பிதுங்கியிருக்கான்னு பாருங்க.

வெளியில வாங்கிப் போட்ட ஆண்ட்ராய்டு ஸ்டீரியோக்காரங்களுக்கு வேற கதை. அதுல மைக் ஸ்டீரியோ முகத்துலேயே ஊசித் துளையா இருக்கும். கியர் பக்கத்துல இருக்கிற மைக் உங்க வாயை விட ஏசி வென்ட்டைத்தான் நல்லாக் கேக்கும். பெட்டியில 3.5 மிமீ பின் வெச்ச வெளி மைக் ஒண்ணு கூடவே வந்திருக்கும், நிறைய பேர் அதை மாட்டுறதே இல்ல. வயர் மூணு மீட்டர் இருந்தா போதும். ஸ்டீயரிங் தண்டு மேலேயோ, முன் கண்ணாடியை ஒட்டின தூணான ஏ பில்லரோட மேல் முனையிலேயோ வாயிலிருந்து 30, 40 சென்டிமீட்டர்ல வர்ற மாதிரி மாட்டுங்க. ஏ பில்லர்ல ட்வீட்டர்ங்கிற சின்ன ஸ்பீக்கர் இருந்தா அந்தப் பக்கம் வேணாம், எதிர்முனைக்காரருக்கு அவர் குரலே எதிரொலிக்கும்.

ஒரு எச்சரிக்கை. ஏ பில்லர் பிளாஸ்டிக்ல 'ஏர்பேக்'னு முத்திரை இருந்தா உள்ளே கர்ட்டன் ஏர்பேக் சுருட்டி வெச்சிருக்கு. வயரை அதுக்கு முன்னாடி குறுக்கே கொண்டு போகக் கூடாது. பையோட பின்பக்கமா, ஏற்கனவே போற கம்பெனி வயரோட சேர்த்துக் கட்டணும். பிளாஸ்டிக் கிளிப் உடைஞ்சா புதுசு போடுங்க, ஒட்டுப் பசை போடாதீங்க. மாட்டினதும் ஸ்டீரியோ செட்டிங்ஸ்ல உள் மைக்கிலிருந்து வெளி மைக்குக்கு மாத்த வேண்டியிருக்கும். மைக் கெயினை, அதாவது குரலைப் பெருக்குற அளவை, முழுசா ஏத்தினா குரல் பிளந்துபோகும். நடுவுல வெச்சு ஆரம்பிங்க.

---

கடிகை பதில்:

ஐபோன் பகுதியை நான் சொல்கிறேன்.

கார்ப்ளேயில் வந்த மெசேஜைத் தானாக வாசிக்கும் வசதி ஐஓஎஸ் 15இல் வந்தது. செட்டிங்ஸ் > நோட்டிபிகேஷன்ஸ் > அனவுன்ஸ் நோட்டிபிகேஷன்ஸ். முதலில் இங்கே மேலே உள்ள சுவிட்ச், பிறகு அதற்குள் 'கார்ப்ளே' என்பதற்கான சுவிட்ச். இரண்டும் ஆன் ஆக வேண்டும்.

இதை ஆன் செய்தும் மௌனமாக இருந்தால் காரணம் பெரும்பாலும் டிரைவிங் ஃபோகஸ். செட்டிங்ஸ் > ஃபோகஸ் > டிரைவிங் என்று போய் 'ஆக்டிவேட் வித் கார்ப்ளே' ஆன் ஆக இருக்கிறதா பாருங்கள். அது ஆன் என்றால் கார்ப்ளே ஏறிய கணமே போன் மெசேஜ்களை அடக்கிவிடும். ஒரு பக்கம் வாசி என்கிறோம், மறு பக்கம் வாயை மூடு என்கிறோம். எது வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். ஃபோகஸ் வேண்டும், ஆனால் வீட்டாரின் மெசேஜ் மட்டும் வர வேண்டும் என்றால் அதே பக்கத்தில் அனுமதிக்கப்பட்டவர் பட்டியலில் அவர்களைச் சேர்க்கலாம்.

மூன்றாவது, ஐபோனின் குரல் உதவியாளரான 'சிரி' பூட்டிய திரையிலும் வேலை செய்ய வேண்டும்: 'அலவ் சிரி வென் லாக்டு'. சிலர் பாதுகாப்புக்காக இதை அணைத்து வைத்திருப்பார்கள். போன் பையில் பூட்டியிருக்கும்போது சிரி வராவிட்டால் இங்கேதான் பார்க்க வேண்டும்.

அனுப்பும் விஷயத்தில் ஒன்று. சிரி செட்டிங்ஸில் 'ஆட்டோமேட்டிக்கலி சென்ட் மெசேஜஸ்' என்று ஒரு வசதி, அதில் கார்ப்ளேக்கும் தனிச் சுவிட்ச். ஆன் செய்தால் நீங்கள் சொன்னதை உறுதி கேட்காமல் அனுப்பிவிடும். தமிழ்ப் பெயர்களையும் ஊர்ப் பெயர்களையும் அது எழுதும் லட்சணம் தெரிந்தவர்கள் இதை ஆன் செய்ய மாட்டார்கள். அணைத்தே இருக்கட்டும். திருப்பி வாசித்ததும் தப்பாக இருந்தால் 'சேஞ்ச் இட்', சரியாக இருந்தால் 'சென்ட் இட்'.

கார்ப்ளே இல்லாத, ப்ளூடூத் மட்டும் உள்ள வண்டியில் ஐபோனை இணைத்தால்: செட்டிங்ஸ் > ப்ளூடூத் > வண்டியின் பெயருக்கு எதிரே உள்ள 'ஐ' வட்டம் > 'ஷோ நோட்டிபிகேஷன்ஸ்'. இது அணைந்திருந்தால் எஸ்எம்எஸ்கூட வண்டிக்குப் போகாது. முதல்முறை இணைக்கும்போது கேட்ட அனுமதியை மறுத்துவிட்டு, பிறகு சுவிட்சைப் போட்டும் பலிக்கவில்லை என்றால் போனிலும் வண்டியிலும் இரண்டு பக்கமும் அழித்துவிட்டுப் புதிதாக இணையுங்கள். ஒரு பக்கம் மட்டும் அழித்தால் பழைய அனுமதி ஒட்டிக்கொண்டே இருக்கும்.

---

மலைப்பாதை பதில்:

தமிழ் பற்றி யாரும் தொடவில்லை. இதில் இரண்டு தனித்தனி வேலைகள் இருக்கின்றன: எழுத்தைக் குரலாக்குவது, குரலை எழுத்தாக்குவது. இரண்டும் வேறு வேறு காரணத்தால் கெடுகின்றன.

வாசிப்பு: உதவியாளரின் மொழி ஆங்கிலம் என்றால் வாசிப்பதும் ஆங்கிலக் குரல். அதற்குத் தமிழ் எழுத்து தெரியாது. ஆங்கில எழுத்தில் அடித்த தமிழை ஆங்கிலச் சொல்லாக நினைத்து உச்சரிக்கும். 'வந்துட்டேன்' என்பதை ஆங்கிலக்காரர் எழுத்துக்கூட்டிப் படித்தால் எப்படி இருக்குமோ அப்படி. இதற்கு வண்டியில் மருந்து இல்லை. ஒரு மாற்று வழி உண்டு: நோட்டிபிகேஷனைச் சத்தமாகப் படிக்கும் தனி ஆப்கள். அவை போனின் டெக்ஸ்ட் டு ஸ்பீச் எஞ்சினைப் பயன்படுத்தும். கூகுளின் எஞ்சினில் தமிழ்க் குரல் இருக்கிறது, தரவைப் போனில் இறக்கி வைத்துக்கொள்ளலாம். தமிழ் எழுத்தைத் தெளிவாகவே படிக்கும், ஆங்கில எழுத்துத் தமிழுக்கு இதுவும் உதவாது. ஆனால் அப்படி ஒரு ஆப்புக்கு நோட்டிபிகேஷன் ஆக்சஸ் கொடுத்தால் பேங்க் ஓடிபி உட்பட எல்லாம் அதன் கண்ணில் படும். எந்தெந்த ஆப்பைப் படிக்கலாம் என்று வடிகட்டும் வசதி இல்லாததைத் தொடாதீர்கள். வடிகட்டினாலும் அனுமதி என்னவோ முழுசாகத்தான் போகிறது, அதை மறக்க வேண்டாம்.

பேச்சு: பலர் கேட்பது, போனில் கூகுளின் கீபோர்டான ஜிபோர்டில் தமிழில் பேசினால் அழகாகத் தமிழில் எழுதுகிறதே, வண்டியில் ஏன் எழுதவில்லை? ஜிபோர்டில் தமிழ்க் குரல் தட்டச்சு 2017இலிருந்து இருக்கிறது, உண்மை. ஆனால் ஆண்ட்ராய்டு ஆட்டோவில் நீங்கள் பேசுவது கீபோர்டிடம் இல்லை, உதவியாளரிடம். அது தன் மொழி செட்டிங்கின்படிதான் கேட்கும். அங்கே 'இங்கிலீஷ் (இந்தியா)' வைத்திருங்கள். 'இங்கிலீஷ் (யுஎஸ்)' இருந்தால் நம் உச்சரிப்பிலும் ஊர்ப் பெயரிலும் தடுமாற்றம் கூடும். பாதை: கூகுள் ஆப் > உங்கள் படம் > செட்டிங்ஸ் > கூகுள் அசிஸ்டன்ட் > லாங்குவேஜஸ்.

பிறகு, சொல்லும் வாக்கியத்தைச் சுருக்கி வையுங்கள். 'டிரைவிங், வில் கால் யூ இன் டென் மினிட்ஸ்' என்கிற மாதிரி நாலைந்து ஆங்கில வாக்கியங்களை வழக்கமாக்கிக்கொண்டால் எழுத்துப் பிழைக்கு இடமே இல்லை. நடுவில் யோசித்து நிறுத்தினால் பேச்சு முடிந்தது என்று அது மூடிக்கொள்ளும், மிச்சம் காற்றில் போகும். எட்டுப் பத்துச் சொல்லுக்கு மேல் போகாதீர்கள். கேள்வி என்றால் கடைசியில் 'கொஸ்டின் மார்க்' என்று வாயால் சொல்லுங்கள். 'வருகிறாய்' என்பதற்கும் 'வருகிறாயா' என்பதற்கும் தமிழில் ஓர் எழுத்து வித்தியாசம் இருக்கிறது, 'யூ ஆர் கமிங்' என்பதில் அந்தக் குறிதான் வித்தியாசம்.

இரண்டு பக்கமும் ஐபோன் என்றால் இன்னொரு நல்ல வழி இருக்கிறது, ஏனோ அதிகம் பேர் பயன்படுத்துவதில்லை. ஐஓஎஸ் 14இலிருந்து கார்ப்ளேயில் சிரியிடம் 'சென்ட் அன் ஆடியோ மெசேஜ் டு' என்று பெயரைச் சொன்னால் உங்கள் குரலையே பதிவு செய்து அனுப்பும். நல்ல தமிழில் பேசலாம், மொழிபெயர்ப்பும் இல்லை, எழுத்துப் பிழையும் இல்லை. ஆனால் ஆப்பிளின் சொந்த மெசேஜ் வசதியான ஐமெசேஜில் மட்டும்தான்.

வால்பாறை, கொல்லிமலை மாதிரிப் பாதைகளில் இன்னொரு தொல்லை. ஆண்ட்ராய்டு ஆட்டோவில் நீங்கள் பேசியதை எழுத்தாக்க நெட் வேண்டும். சிக்னல் ஒரு கோடாக இறங்கினால் கேட்டுவிட்டு, சுற்றிவிட்டு, 'மறுபடி முயலுங்கள்' என்று சொல்லும். இது உங்கள் உச்சரிப்புக் கோளாறு இல்லை. கொண்டை ஊசி வளைவில் அதோடு மல்லுக்கு நிற்க வேண்டாம்.

---

நிதானம்60 பதில்:

எல்லோரும் எப்படி வேலை செய்ய வைப்பது என்று சொல்லிவிட்டீர்கள். கை விடுதலையானால் கவனமும் விடுதலையாகிவிடும் என்ற நினைப்பு தவறு.

யூட்டா பல்கலைக்கழகத்தின் டேவிட் ஸ்ட்ரேயர் குழு, அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏவின் அறக்கட்டளைக்காகச் செய்த ஆய்வு 2015இல் வந்தது. குரல் கட்டளை முடிந்த பிறகும் மனம் சாலைக்கு முழுதாகத் திரும்ப 27 விநாடி வரை ஆகலாம் என்று அதில் கண்டார்கள். மணிக்கு 60 கிலோமீட்டரில் 27 விநாடி என்றால் 450 மீட்டர். டெக்சாஸ் ஏ அண்ட் எம் போக்குவரத்து நிறுவனம் 2013இல் மூடிய சோதனைச் சாலையில் 43 பேரை வைத்துச் செய்த ஆய்வில், குரலில் மெசேஜ் அனுப்புவது கையால் தட்டுவதைவிடப் பாதுகாப்பானது என்று தெரியவில்லை. இரண்டிலும் எதிர்வினை நேரம் ஏறத்தாழ இரட்டிப்பானது.

அதிகம் இழுப்பது வந்ததைக் கேட்பது இல்லை, தப்பாக எழுதியதைத் திருத்துவதுதான். 'இல்லை, விழுப்புரம், விழுப்புரம்' என்று கத்திக்கொண்டிருக்கும்போது முன்னால் போகும் பஸ்ஸின் பிரேக் விளக்கு கண்ணில் பட்டும் மூளையில் படாது. ஒருமுறை சொல்லுங்கள். தப்பாக எழுதினால் 'கேன்சல்' என்று விட்டுவிடுங்கள். இரண்டாம் முயற்சி வண்டி ஓரத்தில் நின்ற பிறகு.

ஐபோனில் டிரைவிங் ஃபோகஸின் ஆட்டோ ரிப்ளையை நான் சிபாரிசு செய்வேன்: 'ஓட்டிக்கொண்டிருக்கிறேன்' என்று அதுவே பதில் அனுப்பும். யாருக்குப் போக வேண்டும் என்பதை ஃபேவரிட்ஸ் வரை சுருக்கிவிடுங்கள். எஸ்எம்எஸ், ஐமெசேஜில் மட்டும் வேலை செய்யும், வாட்ஸ்அப்பில் செய்யாது.

சட்டம்: மோட்டார் வாகனச் சட்டம், 2019 திருத்தத்துக்குப் பிறகான 184ஆம் பிரிவு, ஓட்டும்போது கையில் பிடிக்கும் தொடர்புச் சாதனத்தைப் பயன்படுத்துவதை ஆபத்தான ஓட்டுதலில் சேர்க்கிறது. 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதித் திருத்தம், கைச்சாதனத்தை வழி பார்க்க மட்டும், அதுவும் கவனம் சிதறாதபடி பயன்படுத்தலாம் என்கிறது. தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் மாற்றிய அபராதப் பட்டியலில் ஓட்டும்போது போன் பயன்படுத்தினால் முதல் தடவை 1,000 ரூபாய், மறுபடி பிடிபட்டால் 10,000 ரூபாய். ஸ்டீயரிங் பட்டனை அழுத்தி வண்டியின் மைக்கில் பேசுவது 'கையில் பிடிப்பது' ஆகாது. ஆனால் உதவியாளர் தப்பாக எழுதியதைத் திருத்தப் போனைத் தூக்கிய நொடி நீங்கள் அந்தப் பிரிவுக்குள் வந்துவிட்டீர்கள்.

---

சிராங்கூன்_சாலை பதில்:

சிங்கப்பூரில் ஓட்டுபவர்களுக்கு ஒரு வரி. 2015 பிப்ரவரி 1 முதல் இங்கே வண்டி ஓடும்போது போனோ டேப்லெட்டோ கையில் பிடித்து இயக்கினாலே குற்றம், பேசினாலும் சரி, மெசேஜ் பார்த்தாலும் சரி. முதல் தடவைக்கு 1,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஸ்டாண்டில் மாட்டியிருந்தால் இந்த விதி பொருந்தாது. பிரிட்டனில் இன்னும் கடுமை: சிவப்பு விளக்கில் நின்றிருந்தாலும் கையில் எடுக்கக் கூடாது, 200 பவுண்டு அபராதமும் உரிமத்தில் ஆறு தண்டனைப் புள்ளியும் விழும். சிங்கப்பூரில் வாடகைக் கார் எடுப்பவர்கள் திருப்பிக் கொடுக்கும் முன் வண்டியின் ப்ளூடூத் பட்டியலிலிருந்து தங்கள் போனை அழிக்க மறந்துவிடுகிறார்கள். தொடர்புப் பட்டியல் நகல் வண்டிக்குள்ளேயே தங்கிவிடலாம்.

---

பாலாற்றங்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பித்தன் சார் சொன்ன ஆப் லாக் சுவிட்ச்தான், ஆன் செய்ததும் வாட்ஸ்அப் வருகிறது. ஐபோனில் டிரைவிங் ஃபோகஸ் கார்ப்ளேயோடு தானாக ஏறும்படி இருந்தது. அன்பு அண்ணே, டிஃப்ராஸ்ட் சரியாகச் சொன்னீர்கள், முகத்துக்குத் திருப்பியதும் 80இலும் பிடிக்கிறது.

பெயர்ச் சிக்கல் மட்டும் பாக்கி. அப்புறம் குடும்ப குரூப்பில் யாராவது பூ, சிரிப்பு, கைகூப்பு அனுப்பினால் ஒவ்வொன்றின் பெயரையும் ஆங்கிலத்தில் ஒப்பிக்கிறது.

---

ப்ளூடூத்_பித்தன் பதில்:

குரூப்பை வாட்ஸ்அப்பிலேயே மியூட் செய்யுங்கள். மியூட் ஆனது வண்டியில் ஒலிக்காது. காலை வணக்கம் குரூப்பை வண்டியில் கேட்டே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

பெயருக்கு: தொடர்பைத் தமிழ் எழுத்தில் சேமித்திருந்தால் ஆங்கிலத்தில் கேட்கும் உதவியாளர் அதைப் பொருத்திப் பார்க்கத் திணறும். பெயரை ஆங்கில எழுத்தில் வையுங்கள். கூகுள் கான்டாக்ட்ஸில் எடிட் போய்க் கூடுதல் புலங்களைத் திறந்தால் 'போனெட்டிக்' பெயருக்கும் 'நிக்நேம்' பெயருக்கும் இடம் இருக்கும். 'ழ'வை ஆங்கிலக் காது 'ல' என்றுதான் கேட்கும், அதனால் நிக்நேமில் 'கயல்' என்று மட்டும் போட்டு அப்படியே கூப்பிடுங்கள். ஐபோனிலும் எடிட் > ஆட் ஃபீல்டு என்று போனால் இதே புலங்கள் உண்டு. கயல்விழி என்று இரண்டு பதிவுகள் இருந்தாலும் 'யாருக்கு?' என்று கேட்டுக்கொண்டே இருக்கும். சிம்மில் ஒன்று, கூகுளில் ஒன்று என்று பழைய நகல் கிடக்கிறதா பாருங்கள். சிம்மில் இருப்பதை முதலில் கூகுள் கணக்குக்கு இம்போர்ட் செய்துவிட்டால், கான்டாக்ட்ஸ் ஆப்பில் 'மெர்ஜ் அண்ட் ஃபிக்ஸ்' இரண்டையும் சேர்த்துவிடும். மூன்று குமார் இருந்தால் 'குமார் ஆஃபீஸ்', 'குமார் கேஸ்' என்று இரண்டாவது சொல்லைச் சேர்த்து வையுங்கள். பெயரோடு ஒட்டிய புள்ளி, நட்சத்திரம், படக்குறி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள்.

மாற்றி முடித்ததும் போனை வண்டியிலிருந்து ஒருமுறை துண்டித்து மறுபடி இணையுங்கள். வண்டி ப்ளூடூத் வழியாக எடுத்து வைத்திருக்கும் பழைய பட்டியல் அப்போதுதான் மாறும்.